நாற்பத்தோராம் நாள் குளியல்

ஐந்து நிமிஷம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இந்தப் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, அந்தப் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, மூடியைப் போட்டுக் குலுக்கு, ஐந்து நிமிஷம் பொறு, பிறகு நிறத்தைப் பார். ஜெனிட்டா பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். சோதனைக் குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லூரி மீன்காட்சி அறையின் ஜன்னல் வழியாக வெளியே நின்ற யாருடைய ஸ்கூட்டரையோ பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பக்கம் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் கருகிப்போன செவ்வந்தி மாலை. ஆயுத பூஜை முடிந்து இத்தனை நாளாகியும் அந்த மாலையைக் கழற்றிப் போட ஒருத்தருக்கும் கை வரவில்லை. இந்தக் கல்லூரியில் எடுக்க வேண்டியதை எடுக்க மாட்டார்கள், எடுக்கக் கூடாததைத் தேடிப்போய் எடுப்பார்கள். சரி, அதை விடு. தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை, கடற்குதிரைகளைத் தொட்டியில் விடலாம். பச்சைக்குத் திரும்பினால் இருக்கிறது, விட்டால் செத்துவிடும். இதற்குமேல் இதில் விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. பன்னிரண்டு குதிரைகள். கீழக்கரைப் பக்கத்து வளர்ப்புப் பண்ணையிலிருந்து காலை ஏழு மணிக்கே ஆக்சிஜன் அடைத்த பைகளில் புறப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்குள் வந்துவிடும். நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது, அதனால் இன்றைக்குக் குதிரை நீந்தியாக வேண்டும் என்பது முதல்வர் தனுஷ்கோடியின் உத்தரவு. குதிரை எங்கே நீந்துகிறது, எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும் என்று அவருக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. முப்பது வினாடிகூட ஆகியிருக்காது. திரும்பிப் பார்க்கக் கூடாது.

பூஜை லீவு முடிந்து இன்று காலையில் கதவைத் திறந்தபோதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது நாளாக இந்த அறைக்கு ஒரு நாற்றம் உண்டு, அழுகிய இறாலும் ஈரக்கல்லும் கலந்த நாற்றம். விலங்கியல் துறையில் வேறு யாரும் எட்டிப் பார்க்காமல் போனதற்கு அந்த நாற்றம்தான் காரணம், அவளுக்கு அது பிடித்தும் போயிருந்தது, சேலையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்து புருஷன் முகம் சுளித்தபோதும் பிடித்திருந்தது. இன்றைக்கு சாம்பிராணி மணந்தது. சாம்பிராணியும் வாழையிலையும். விளக்கைப் போட்டாள். தொட்டி பளபளவென்று நின்றது. நாலு கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். உள்ளே பவளக்கல் எல்லாம் வெள்ளை வெளேரென்று, பழுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்த பாசி ஒரு பொட்டு இல்லாமல். பில்டர் பெட்டியைத் திறந்தாள், ஸ்பாஞ்சு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நீல நிறத்தில் இருந்தது. "எப்படி இருக்கு மேடம்?" என்று பின்னாலிருந்து குரல். ஆய்வக உதவியாளர் பலவேசம் அண்ணாச்சி, கழுத்தில் மாலை இல்லை, தாடி இல்லை, மாலை போட்டு விரதமிருந்து குலசை அம்மன் தசராவுக்குப் போய்வந்த களைப்போடு மழித்த முகமெல்லாம் சிரிப்பு. "என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றாள். "செவ்வாக்கெழம பூஜ போட்டோம்லா. அதுக்கு முந்தி எல்லாத்தையும் எறக்கி, தேங்கா நாரப் போட்டுத் தேச்சு, கொழாத் தண்ணில அலசி, மொட்ட மாடில நல்ல வெயில்ல காயப்போட்டேன். சோப்பு போடல மேடம், சத்தியமாப் போடல. சோப்பு ஆவாதுன்னு நீங்கதான சொன்னீய." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "கடத் தண்ணி பதினெட்டு கேன், நானே போயி எடுத்தாந்தேன். ஆட்டோக்காரன் சீட்டு நனையுதுன்னு ஏசுனான்" என்றார். பதினெட்டு கேன். ஐம்பத்தாறு வயதில், விரதம் இருந்த உடம்போடு, பதினெட்டு கேன். ஒரு மனுஷனைத் திட்டக்கூட விடாமல் செய்வதற்கென்றே இப்படி வேலை செய்வார்களா? அவளுக்குத் தலையை அந்தக் கண்ணாடியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சந்தனம் ஒட்டுமே என்று அதைக்கூடச் செய்யவில்லை.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அழுக்குதான் தொட்டி, இதை யாருக்கு எப்படிச் சொல்வது? அந்தப் பழுப்பில், அந்தக் கொழகொழப்பில், ஸ்பாஞ்சின் ஒவ்வொரு பொந்திலும் கண்ணுக்குத் தெரியாத உயிர் குடியேறி, மீன் கழிவிலும் அழுகிய இறாலிலும் வரும் அமோனியா விஷத்தைத் தின்று இன்னொன்றாக்கி, அதை வேறொன்று தின்று, அப்படி ஒரு சுற்று முழுசாகச் சுற்றி வரவேண்டும். அதற்கு ஆறு வாரம். முதல்வரிடம் போய், "தொட்டி சைக்கிள் ஆகணும் சார், ஆறு வாரம் வேணும்" என்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "குதிரைக்கு எதுக்கும்மா சைக்கிள்?" என்று கேட்டு அவரே சிரித்தார், அலுவலகமே சேர்ந்து சிரித்தது, டைப்பிஸ்ட் இன்றைக்கும் அவளைக் கண்டால் மணியடிக்கிற மாதிரி கட்டைவிரலை ஆட்டுகிறான். உப்பின் அளவு சொன்னால், "தூத்துக்குடில உப்புக்கா பஞ்சம்?" இறால் வேண்டும் என்றால், "குழம்பா?" எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்கள். சிரிக்காமல் கேட்டது அண்ணாச்சி ஒருவர்தான். "ஒண்ணுமே இல்லாத தண்ணிய எதுக்கு மேடம் ஆறு வாரம் காவல் காக்கணும்?" என்று உண்மையாகவே கேட்டார். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. எவ்வளவு அழகாகத் தோன்றியது! அண்ணாச்சி கழுத்தில் அன்றைக்குத்தான் புதிதாக மாலை ஏறியிருந்தது, சிவப்பு வேட்டி, காலில் செருப்பில்லை. "உங்களுக்கு மாதிரிதான் அண்ணாச்சி" என்றாள். "தொட்டியும் விரதம் இருக்கு. நாற்பத்தோரு நாள். நடுவுல யாரும் கை விடக்கூடாது, கலைக்கக்கூடாது. தினம் ஒரு இறால் துண்டு போடணும், அவ்வளவுதான்." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து காலெண்டரில் நாளுக்கு ஒரு கோடு, இறால் துண்டைப் போடும்போது செருப்பைக் கழற்றிவிடுவது, அறைக்குள் ஒரு பயலை அண்டவிடாதது. இத்தனை பேருக்குப் பாடம் நடத்தியதில் இவ்வளவு சரியாக ஒன்றை யாருக்கும் விளக்கியதில்லை என்று அவளுக்குப் பெருமை. வீட்டில் புருஷனிடம்கூடச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். விரதம் என்றால் என்னவென்று இவளுக்கு என்ன தெரியும்? தவக்காலம் தெரியும். சாம்பல் புதன், நாற்பது நாள் கறி இல்லை, ஈஸ்டர் பாஸ்கு விடிந்ததும் ஆட்டுக்கறி, இடியாப்பம். அந்த நாற்பதைத்தான் இந்த நாற்பத்தொன்றுக்குள் போட்டுப் பேசினாள். விரதத்தின் கடைசியில் என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? "என்ன அண்ணாச்சி, எதுக்குக் கழுவுனீங்க?" என்று இன்று காலையில் அழாக்குறையாகக் கேட்டதற்கு அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! "நாப்பத்தோரு நாள் முடிஞ்சிட்டுல்லா மேடம். வெரதம் முடிஞ்சா குளிக்கணும்லா."

விரதம் முடிந்தால் குளிக்க வேண்டும். அவர் கடலில் முங்கி எழுந்து மாலையைக் கழற்றுவார், தொட்டிக்குக் கடல் வரமுடியாது, அதனால் கடலைப் பதினெட்டு கேனில் தொட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதில் பிசகு எங்கே இருக்கிறது? காட்டு பார்க்கலாம். காலெண்டரில் தேடு, கோட்டை எண்ணு, நாற்பத்தொன்று சரியாக இருக்கும். பிசகு எல்லாம் அவள் வாயில். உவமை சொல்லிக் கொடுக்கிறாளாம். இரண்டு நிமிஷம். இல்லை, இரண்டு ஆகவில்லை, சுவர்க்கடிகாரம் நிற்கிறதா ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது, இந்தக் கல்லூரியில் அதற்கும் யாராவது பொட்டு வைத்து பாட்டரியைக் கழற்றியிருப்பார்கள். ஒருவேளை மஞ்சளாகவே இருந்தால்? மாடி வெயிலிலும் சாகாமல் கல்லுக்குள் ஆழத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால்? பூஜைக்குப் பிறகும் லீவு நாளில் வந்து ஒருநாள் விடாமல் இறால் துண்டு போட்டிருக்கிறார், இனிமேலும் போடணும்லா என்கிறார், ஆறு துண்டு, அதைத் தின்ன உள்ளே யாரும் இல்லை. இருக்கலாம். லேசாக மஞ்சள், லேசாகப் பச்சை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் வந்தால் என்ன செய்வாய்? லேசான பச்சை. அந்த இரண்டு வார்த்தை வந்ததுமே மனது சட்டென்று நின்றது, கிணற்று விளிம்பில் கால் வைத்ததுபோல. வேறு எதையாவது நினை. காலையில் கேஸ் அணைத்தோமா? அணைத்தாயிற்று. மகளுக்கு டிபன் பாக்ஸில் ஸ்பூன் வைத்தோமா? தெரியாது. லேசான பச்சை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே அறை, இதைவிடச் சின்னத் தொட்டி, இதே மாதிரி ஒரு பெரிய மனுஷர் திறந்துவைக்க வருகிறார் என்று அவசரம். அன்றைக்கும் எட்டுச் சொட்டு, எட்டுச் சொட்டு. அன்றைக்கும் முதல்வர் வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா, ஓகே தானே?" என்றார். குழாய் பச்சையாக இருந்தது. பச்சைதான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை, ஆனால் அவர் பின்னால் பட்டுச்சேலையும் கத்தரிக்கோல் தட்டுமாக நாலு பேர் நின்றார்கள், நாதஸ்வரம்கூட ஏற்பாடு செய்திருந்தார்கள், அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "லேசான பச்சைதான் சார்" என்றாள். லேசான. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். ஒன்பது குதிரைகள். மூன்றாம் நாள் ஒன்று அடியில் படுத்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொள்ள, வால் எதையாவது பிடிக்கத் தேடித்தேடி, இன்னொன்றின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, இரண்டுமாகச் சாய்ந்தன. தண்ணீரை மாற்றினாள், மறுபடி மாற்றினாள், ராப்பகலாக மாற்றினாள், ஆறாம் நாள் ஒன்பதாவது போயிற்று. அது ஆண். இந்த ஜாதியில் ஆண்தான் வயிற்றுப் பையில் சுமப்பது, அதன் பை திரண்டு இருந்தது, இன்னும் பத்து நாளில் குஞ்சு பொரித்திருக்கும். அண்ணாச்சிதான் பின்பக்கம் மண்ணைத் தோண்டிப் புதைத்தார், "பிள்ளத்தாச்சி ஆம்பளய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார், சிரிக்கவில்லை. அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. போக்குவரத்து அதிர்ச்சி என்று எழுதினாள். யாரும் கேட்கவில்லை. முதல்வர் கையெழுத்துப் போட்டார், பண்ணைக்காரர்கள் பாவம், அடுத்த தடவை பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்புகிறோம் என்று வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டார்கள். செய்யாத தப்புக்கு. அந்தக் கடிதத்துக்கும் இவள் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினாள்.

சீ. மூன்று நிமிஷம். போனை எடுத்தாள், பண்ணை வண்டியோடு வரும் ஹமீதை அழைத்தாள், அவர் எடுத்து, "வந்துட்டோம் மேடம், பக்கத்துலதான், டீக்குக்கூட நிறுத்தல" என்று உற்சாகமாகச் சொன்னார். அவள், "பத்திரமா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்பிப் போங்கள் என்று சொல்லத்தானே எடுத்தாய்? பத்திரமா வாங்களாம்! நாக்கில் என்ன, பசை தடவியிருக்கிறதா? சரி, இன்னும் நிறம் தெரியவில்லை, தெரியாமல் எப்படிச் சொல்வது, இது ஒரு நியாயம். பச்சை வந்தால் சொல்லலாம். என்னவென்று சொல்வாய்? ஏன் என்று கேட்பார்களே. போன வாரம் மஞ்சள் என்று நீதானே எழுதிக் கொடுத்தாய், அதைப் பார்த்துத்தானே வண்டி புறப்பட்டது. பில்டரைக் கழுவிவிட்டார்கள் சார். யார் கழுவியது? பலவேசம். அவ்வளவுதான், முடிந்தது கதை, முதல்வருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றாது. பலவேசம் தினக்கூலி, நாளைக்கு வராதே என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த மனுஷன் முகத்தை மழித்துக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, வாசலில் நின்று வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆரத்தி ஏதும் கரைத்து வைத்திருக்காமல் இருந்தால் சரி. அவர் பேர் சொல்லாமல் தப்பிக்க ஒரே வழி, தொட்டி நன்றாக இருக்கிறது என்பது. குதிரைகள் சாவதற்கு மூன்று நாள் ஆகும். குழு நாளைக்கு வந்து நாளைக்கே போய்விடும். பிறகு போக்குவரத்து அதிர்ச்சி. எவ்வளவு சுலபமாகக் கூட்டிக் கழித்துவிட்டாள்! தன் புத்தி இவ்வளவு வேகமாக ஓடும் என்று அவளுக்கே தெரியாது, எரிச்சலில் காது மடல் சூடாகியது. எரிச்சல் யார்மேல்? முதல்வர்மேல், குழுவின்மேல், டைப்பிஸ்டின் கட்டைவிரல்மேல், பதினெட்டு கேன்மேல், கடைசியில் சுற்றிச்சுற்றி வந்து நிற்கிற இடத்தில் ஒருத்தி நிற்கிறாள், விரதம் முடிந்தால் குளிக்க வேண்டும் என்பது தெரியாமல் விரதத்தைப் பற்றிப் பேசினவள்.

"மேடம்! பச்ச விழுந்துட்டு!" என்ற சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டது. அண்ணாச்சி உள்ளே வந்ததையே கவனிக்கவில்லை. தாங்கியின் முன்னால் குனிந்து, முட்டில் கையை ஊன்றிக்கொண்டு, குழாயை வாய் நிறைய சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பினாள். பச்சை. லேசானது இல்லை, நடுவில் நிற்கிற நிறம் இல்லை, கழனிப் பயிர் மாதிரிப் பச்சை, அட்டையில் கடைசிக்கு முந்தின கட்டம். நான்கரை நிமிஷம்தான் ஆகியிருந்தது, மீதி அரைக்கு அவசியமே இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் வராந்தாவில் ஓடிவிட்டார். "சார்! பச்ச விழுந்துட்டு சார்! வண்டிய விடலாம்!" சிக்னலில் எது விழுந்தால் போகலாம் என்று ஊருக்கே தெரியும், இந்த அட்டையை அச்சடித்தவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவள் ஓடினாள். படியில் செருப்பு கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். போர்ட்டிகோவில் முதல்வர் நின்றுகொண்டிருந்தார், வண்டி கேட்டுக்குள் நுழைந்து, வளைந்து வந்து நின்று, ஹமீது பின்கதவைத் திறந்து முதல் பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டிருந்தார். பை நிறையத் தெளிந்த தண்ணீர், உள்ளே ஒரு துண்டு பிளாஸ்டிக் கயிறு, அந்தக் கயிற்றை வாலால் சுற்றிக்கொண்டு மஞ்சளாக ஒன்று, அதன் பக்கத்தில் கறுப்பாக ஒன்று. கண்ணைத் தனித்தனியாக உருட்டிப் பார்த்தன. "என்னம்மா, பச்சையாமே, ஓகே தானே?" என்றார் முதல்வர். அதே வார்த்தை. மனுஷனுக்கு வேறு வார்த்தையே கிடையாதா?

"ஓகே இல்ல சார். இறக்க வேண்டாம்" என்றாள். மூச்சு வாங்கியது. "பச்சைன்னா விஷம் சார். உள்ள விட்டா மூணு நாள்ல செத்துரும்." ஹமீதின் கை மூடியோடு நின்றது. முதல்வரின் நெற்றி சுருங்கியது. "போன வாரம் ரெடின்னு எழுதிக் குடுத்தீங்களே. யார் என்ன பண்ணுனது?" அண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்கு அது விசாரணை என்றே தெரியவில்லை, "நாந்தான் சார், கல்லு ஒவ்வொண்ணா தேச்சுக் கழுவி…" என்று பெருமையாகத் தொடங்கினார். "அவர் இல்ல சார்" என்றாள் ஜெனிட்டா, கத்திவிட்டாள், வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். "நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். நான் சொன்னதைத்தான் அவர் சரியாச் செஞ்சாரு. என் தப்பு. கழுவினதுல அதோட உயிர் எல்லாம் போயிட்டு, இனி முதல்லேர்ந்து ஆறு வாரம்." முதல்வர் சிரித்தார், கோபத்தை மறைக்கிற சிரிப்பு. "என்னம்மா இது, நாளைக்கு ஆள் வருது. போன தடவையும் பச்சைன்னுதான் சொன்னீங்க. விட்டோமே!" ஆம், விட்டோம். ஹமீது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் பைகளைச் சுற்றி நாலு பக்கமும் பஞ்சு அடைத்திருந்தது, கெட்டியாக, ஒரு விரல்கூட நுழையாதபடி. "அதனாலதான் சார் செத்துச்சு" என்றாள். "ஒன்பதும். வண்டில ஒண்ணும் ஆகல, இவங்க நல்லாத்தான் கொண்டுவந்து குடுத்தாங்க. பச்சைன்னு தெரிஞ்சுதான் நான் விட்டேன். அறிக்கையில பொய் எழுதினேன்."

முதல்வர் ஏதோ சொல்ல வந்து, சுற்றிலும் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "உள்ள வாங்க, ரூம்ல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனார். ஹமீது ஒன்றும் கேட்காமல் மூடியைப் பொருத்தி அழுத்தினார், சாயங்காலம்வரை ஆக்சிஜன் தாங்கும், இப்போதே திரும்பினால் மூன்று மணிநேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை, அது அவளுக்குத் தைத்தது, தைக்கட்டும். அண்ணாச்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கழுவினதில் உயிர் போயிற்று என்ற வார்த்தை அவருக்குள் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது, மழித்த முகத்தில் ரத்தமே இல்லை. "தொட்டிக்குள்ள உயிர் இருந்துச்சா மேடம்?" என்றார். "அதயா நான் வெயில்ல போட்டேன்?" ஒரு அழகான உவமையை எடுத்துப் போட இந்த மூளை உடனே பரபரத்தது, அதன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைக்க வேண்டும். வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. அவள் வெறுங்காலோடு சுடுகிற சிமெண்டில் இறங்கி நின்று, ஓட்டுநருக்குத் தெரிகிறமாதிரி கையை உயர்த்தி, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கையை இறக்காமலே, "கண்ணுக்குத் தெரியாததுதான் அண்ணாச்சி போச்சு. குதிரை பன்னிரண்டும் இதோ வண்டில உயிரோட போகுது, பாத்துக்கிடுங்க" என்றாள்.